பழைய தூசு உறிஞ்சிக்குப் புது உயிர்



துரை பங்களாவில் வேலை பார்த்த தாய்மார்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பங்களாவின் பெரிய கூடத்தில், விரித்த கம்பளத்தின் மேல், நீண்ட கைப்பிடியும் தொங்கும் துணிப்பையுமாக ஒரு மிஷின் இரைந்துகொண்டு ஓடிய கதையைச் சொல்வார்கள். எங்கள் அம்மாவும் அப்படிச் சொன்னவர்தான். விடியற்காலையில் பெரட்டு முடிந்ததும் அப்பா பால்மரம் வெட்டப் போவார். அம்மா பங்களாவுக்குப் போவார். அந்த மிஷினைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகத் தூசு எடுப்பது அம்மாவின் வேலை. மாலையில் லயத்துக்குத் திரும்பி, எங்கள் வீட்டை ஈர்க்குத் துடைப்பத்தால் கூட்டுவார். அந்த நாளில் பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு ஜெனரேட்டர் மின்சாரம் மாலையில் சில மணி நேரம்தான் கிடைத்தது. தூசு உறிஞ்சி பங்களாவுக்கு, துடைப்பம் லயத்துக்கு என்பதுதான் அன்றைய கணக்கு.

காலம் மாறிற்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, துண்டு பட்டன. நம்மில் பலர் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். பங்களாக்களில் இருந்த சாமான்களும் லோரி ஏறின. அப்படி வந்து சேர்ந்த ஒரு மிஷின், செகிஞ்சானில் ஒரு பழைய சாமான் கடையில் எங்கள் கண்ணில் பட்டது. உலோக உடம்பு, கிழிந்த பை, வெடித்துப்போன வயர். தவுக்கை 20 வெள்ளி கேட்டார். அம்மா அதன் கைப்பிடியைத் தடவிப் பார்த்து, "இதே மாதிரிதான்டா, அப்படியே இருக்கு" என்றார். பிறகு பேரம் ஏது? வாங்கிவிட்டோம்.

வாங்கியது தவறன்று. அன்றிரவே நாங்கள் செய்ததுதான் தவறு. ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசையில் நேராகப் பிளக்கைச் சொருகிச் சுவிட்சைப் போட்டோம். மிஷின் ஒரு முறை முனகியது. அம்மா உலோகக் கைப்பிடியைப் பிடித்தார். "ஐயோ!" என்று கையை உதறினார். அதே நொடியில் வீடு முழுவதும் இருண்டது. மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மின்கசிவுத் தடுப்பான், நாம் டிரிப் சுவிட்சு என்று சொல்கிறோமே, அது தானாக விழுந்திருந்தது. அந்தச் சிறு பெட்டிதான் அன்று எங்கள் அம்மாவைக் காப்பாற்றியது.

ஆகவே நேயர்களே, பழைய தூசு உறிஞ்சியை வீட்டிலேயே சீர்செய்வது எப்படி என்பதைச் சொல்ல வந்த நாங்கள், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பழைய மின்சாமானை வாங்கிய நாளில் சுவிட்சு போடக் கூடாது. முதலில் திறக்க வேண்டும், பார்க்க வேண்டும், துடைக்க வேண்டும், கெட்டதை மாற்ற வேண்டும். மின்சாரம் கடைசியில்தான். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது மின்சாரத்துக்கு மிகவும் பொருந்தும்.

இந்த மிஷினை நம் கைக்கு எட்டாத பொருள் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. அது பிறந்த கதையைக் கேளுங்கள். 1901-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பூத் என்ற பொறியாளர் தூசை உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அது குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்த வேண்டிய பெரிய யந்திரம். நீண்ட குழாய்களைச் சன்னல் வழியாக வீட்டுக்குள் விட்டுத் தூசை இழுத்தார்கள். ஒருவர் கையால் தள்ளிக்கொண்டு போகிற சிறிய மின்சார மிஷினைச் செய்தவர்களில் பேர் பெற்றவர் யார் தெரியுமா? அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில் ஒரு கடையைக் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்த ஜேம்ஸ் மரே ஸ்பேங்லர்தான். அவருக்கு இழுப்பு நோய். கம்பளத்தைக் கூட்டும்போது எழும் தூசு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1907-இல் ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு பெட்டி, ஒரு துடைப்பக் கட்டை, ஒரு தலையணை உறை, இவற்றைச் சேர்த்து ஒரு மிஷினைக் கட்டினார். 1908-இல் காப்புரிமை கிடைத்தது. அவ்வுரிமையை வாங்கிய ஹூவர் குடும்பத்தின் பெயரே பிறகு உலகமெங்கும் பரவிற்று. துடைப்பம் பிடித்த கைதான் இந்த மிஷினைச் செய்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. கப்பலில் வந்து பங்களாவில் இறங்கிய அந்தப் பொருள் இன்று நம் நாட்டிலேயே செய்யப்படுகிறது. 2002-இல் டைசன் நிறுவனம் தன் தூசு உறிஞ்சி உற்பத்தியை இங்கிலாந்திலிருந்து மலேசியாவுக்கு மாற்றியதைப் பலர் அறிவீர்கள்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? உள்ளே ஒரு மோட்டார். அதன் தண்டில் ஒரு விசிறி. விசிறி நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுற்றிக் காற்றை வெளியே தள்ளுகிறது. உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப வெளிக்காற்று வாய் வழியாகப் பாய்கிறது. பாயும்போது தூசையும் இழுத்துக்கொண்டு வருகிறது. பை தூசைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்று துணியின் கண்கள் வழியாக வெளியேறும். இவ்வளவுதான்.

பழைய மிஷின்களில் இரண்டு வகை உண்டு. நின்றபடி தள்ளும் பழைய வகையில் பெரும்பாலும் தூசு விசிறியின் வழியாகவே சென்று பையில் விழும். அதனால் ஆணியோ காசோ உள்ளே போனால் விசிறி இலை உடையும். தரையில் இழுத்துச் செல்லும் உருளை வகையில் பை முன்னால், விசிறி பின்னால். அதில் பை கிழிந்தால் தூசு மோட்டாருக்குள் புகுந்து அதைத் தின்றுவிடும். உங்கள் மிஷின் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி, கடையில் வாங்கும்போது பார்க்க வேண்டியவை. உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். அதில் 220 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் நம் நாட்டு மின்சாரத்துக்கு ஒத்துவரும். 110 அல்லது 120 என்று இருந்தால் அது அமெரிக்காவுக்குச் செய்தது. நம் வீட்டில் சொருகினால் மோட்டார் கருகிவிடும். அடுத்து, விசிறியையோ தண்டையோ கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பாருங்கள். எரிந்த வார்னிஷ் வாடை அடித்தால் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகியிருக்கலாம். அதை விட்டுவிடுங்கள். பை கிழிந்ததும், வயர் வெடித்ததும், பெல்ட் அறுந்ததும் பெரிய குறைகள் அல்ல, அவற்றை மாற்றலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு என்ன செய்வது? பிளக்கை எடுத்து மேசை மேல் கண்ணுக்கு எதிரே வையுங்கள். அது சுவரில் இல்லை என்பது வேலை முடியும்வரை தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் இந்த வேலையைச் செய்தவர் எங்கள் தங்கை. தையல் மிஷினைத் தாமே கழற்றி எண்ணெய் போடுகிறவர் அவர். ஒவ்வொரு ஸ்குருவையும் கழற்றுமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்தார். கழற்றிய ஸ்குருக்களை வரிசை தவறாமல் முட்டை அட்டையின் குழிகளில் போட்டார். முதல் குழியில் முதலில் கழற்றியது, கடைசிக் குழியில் கடைசியில் கழற்றியது. மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வந்தால் போதும்.

பையை முதலில் எடுங்கள். அதை வீட்டுக்குள் தட்டக் கூடாது. எத்தனை வருடத்துத் தூசோ, என்ன பூச்சிமருந்துப் பொடியோ, யாருக்குத் தெரியும்? முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தூசை ஒரு நெகிழிப் பைக்குள் கொட்டிக் கட்டிவிடுங்கள். இழுப்பு உள்ளவர்களும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். துணி நைந்துவிட்டிருந்தால் நெருக்கமாக நெய்த காடாத் துணியில் அதே அளவுக்குப் புதுப் பை தைத்துக்கொள்ளலாம். தையல் தெரிந்த தாய்மார்களுக்கு இது ஒரு மணி நேர வேலை.

குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று அறிய ஒரு முனையை உள்ளங்கையால் மூடி மறுமுனையில் ஊதிப் பாருங்கள். அதற்கு முன் குழாயை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். சிறு ஓட்டைக்குச் சைக்கிள் டியூப் ஒட்டுப் போடுவது போலவே ரப்பர் ஒட்டலாம். மூடியின் ஓரத்து ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வளையம் செய்யலாம். எங்கள் மிஷினின் உறிஞ்சும் பலத்தில் பாதி இந்த ஓட்டைகளால்தான் போயிருந்தது.

அடுத்து மோட்டார். உலர்ந்த மெல்லிய பிரஷால் தூசைத் தட்டி எடுங்கள். தண்ணீர் கூடாது, மண்ணெண்ணெய் கூடாது. மோட்டாரின் ஒரு முனையில் செம்புத் தகடுகள் வரிசையாகப் பதித்த ஓர் உருளை இருக்கும். அதன் மேல் இரண்டு கரிக்கட்டைகள் உரசிக்கொண்டிருக்கும். நாம் கார்பன் என்று சொல்வது அதைத்தான். ஓட ஓடத் தேய்வது அதன் இயல்பு. ஒரு விரல் நகத்தின் நீளத்துக்குக் குறைந்திருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். செம்பு கறுத்திருந்தால் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். எமரித் தாளால் தேய்க்க வேண்டாம். அதன் துகள் தகடுகளுக்கு இடையே சிக்கிக்கொண்டு கெடுதல் செய்யும். பேரிங்குக்கு எண்ணெய் ஊற்றும் துளை இருந்தால் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது நாளடைவில் பிசினாகித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். கார்பனிலும் செம்பிலும் எந்த எண்ணெயும் படக் கூடாது.

நம்முடையது கடலோர ஊர். செகிஞ்சானிலிருந்து தஞ்சோங் காராங் வழியாகக் கோலசிலாங்கூர் வரை உப்புக் காற்று வீசுகிறது. வயர் முனைகளில் பச்சை பூத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய இணைப்பு சூடேறும், பொறி விடும். அப்படிக் கண்டால் குறித்து வையுங்கள். குறித்து வைக்கத்தான் சொல்கிறோம். அதில் கை வைப்பது வேறொருவர் வேலை.

இதுவரை சொன்னவை வீட்டில் நாமே செய்யக்கூடியவை. இதற்கு மேல் ஒரு கோடு இருக்கிறது. எங்களுக்கு அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டியவர் பக்கத்துத் தாமானில் இருக்கும் உரிமம் பெற்ற வயர்மேன் அண்ணன். தங்கை மிஷினைத் திறந்து வைத்திருந்த அழகைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு சொன்னார்: "நல்லா செஞ்சிருக்கே தங்கச்சி. ஆனா துடைக்கிறது உன் வேலை, வயரு என் வேலை. அதுல மட்டும் கை வைக்காதே."

அவர் கண்டுபிடித்தவை இரண்டு. முதலாவது, யாரோ எந்தக் காலத்திலோ மிஷினின் வயரை மாற்றியபோது எர்த் வயர் இல்லாத இரட்டை வயரைப் போட்டிருந்தார்கள். உலோக உடம்புள்ள மிஷினுக்கு எர்த் கட்டாயம் வேண்டும். உள்ளே கசிகிற மின்சாரம் எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். அந்த வழி இல்லாவிட்டால் நம் உடம்பு வழியாகப் போகும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் தகட்டில் இருந்தால் மட்டுமே அந்த மிஷின் எர்த் இல்லாமல் ஓடும்படி இரட்டைக் காப்போடு செய்யப்பட்டது என்று பொருள். வயரின் நிறத்தை நம்பியும் ஏமாறக் கூடாது. பழைய முறையில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிய முறையில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். இரண்டும் தெரியாமல் மாற்றி இணைத்தால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, ஒரு சிறிய கெபாசிட்டர். இது எதற்குத் தெரியுமா, நேயர்களே? நீங்கள் வானொலி கேட்கும்போது பக்கத்தில் மோட்டார் ஓடினால் 'கர்ர்' என்று இரைகிறதல்லவா? அந்த இரைச்சலை அடக்குவதற்காக மிஷினுக்குள் வைத்தது அது. பழைய கெபாசிட்டர்கள் மெழுகும் தாளும் சுற்றியவை. ஈரக் காற்றில் அவை கெட்டு, மின்சாரத்தை உடம்புத் தகட்டுக்குக் கசியவிடும். எங்கள் அம்மாவின் கையைச் சுட்டது அதுதான். வயர்மேன் அண்ணன் அதை எடுத்துவிட்டு, இந்த வேலைக்கென்றே செய்யப்படும் பாதுகாப்பு வகையைப் பொருத்தினார். மூன்று கம்பி வயர் போட்டார். 600 வாட் மிஷினுக்கு 240 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர்தான் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டி, பிளக்கில் இருந்த 13 ஆம்பியர் பியூசை எடுத்துவிட்டு 5 ஆம்பியர் பியூசு வைத்தார். பிறகு 500 வோல்ட் சோதனைக் கருவியால் காப்பைச் சோதித்தார். எர்த் உள்ள மிஷினுக்கு 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. இரட்டைக் காப்புள்ளதற்கு 2 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது என்றார். எங்களுடையது தேறிற்று.

அதன் பிறகுதான் சுவிட்சு. முதல் ஓட்டத்தையும் அவரே நடத்தினார். பழைய குண்டு பல்பு ஒன்றை மிஷினோடு வரிசையாக இணைத்தார். மிஷினுக்குள் கம்பிக்குக் கம்பி முட்டிக்கொண்டிருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியுமாம். பியூசு போகாது, தீப்பிடிக்காது. பிறகு பல்பை எடுத்துவிட்டு, காய்ந்த தரையில், காலில் செருப்போடு நின்று, ஒரு நிமிடம் ஓடவிட்டார். புதுக் கார்பனில் சிறு நீலப் பொறிகள் தெரிவது இயல்பு. உருளையைச் சுற்றித் தீ வளையம் போல் தெரிந்தாலோ, வாடை வந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். எங்கள் மிஷின் அந்த ஒரு நிமிடமும் சீராக இரைந்தது.

இனி இரண்டு உண்மைகளை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது செலவு. வயர், கார்பன், கெபாசிட்டர், வயர்மேன் கூலி எல்லாம் சேர்ந்து மிஷின் விலையைப் போல் நான்கு மடங்கு ஆயிற்று. மலிவான புது மிஷினே அந்தப் பணத்துக்கு வந்துவிடும். லாபம் தேடி இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஆனால் புது மிஷின்கள் பலவற்றில் ஸ்குருவே இருப்பதில்லை. கெட்டால் தூக்கி எறியத்தான் வேண்டும். பழையது திறக்கும்படி செய்யப்பட்டது. திறந்து பார்த்தவருக்கு அது பாடம் சொல்லித் தருகிறது.

இரண்டாவது, இது நோய்க்கு மருந்தன்று. பழைய துணிப்பை பெரிய தூசைப் பிடிக்கும். மிக நுண்ணிய தூசு துணியின் கண்கள் வழியாகத் திரும்ப அறைக்குள் வந்துவிடும். வீட்டில் இழுப்பு நோயாளி இருந்தால் அவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் இதை ஓட்ட வேண்டும். அத்தகைய வீட்டுக்கு ஹெப்பா வடிகட்டி உள்ள இக்கால மிஷின்தான் ஏற்றது. அது 0.3 மைக்ரான் அளவுள்ள துகளில் 100-க்கு 99.97 பங்கைப் பிடித்துவிடும். நம் சிமெண்டுத் தரைக்கு ஈரத் துணியே போதும். மெத்தை, நாற்காலி மெத்தை, சன்னல் கம்பி வலை, காற்றாடி இறக்கை, சாமி மேடை இடுக்கு, இவற்றுக்குத்தான் பழைய மிஷின் உதவும். அறுவடைக் காலத்தில் வயல் பக்கத்திலிருந்து தூசு வந்து வலையில் அடையும்போது எங்கள் வீட்டில் இதுதான் வேலை செய்கிறது. ஈரம், அடுப்புச் சாம்பல், சிமெண்டுப் பொடி ஆகிய மூன்றையும் இதற்குக் கொடுக்கக் கூடாது. பை பாதி நிறைந்ததும் கொட்டிவிட வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கு ஒரு சொல். கழற்றிப் பார்க்கும் ஆசை பிள்ளைக்கு இருந்தால், "கெடுத்துவிடுவாய்" என்று தடுக்காதீர்கள். பிளக்கை வெட்டி எடுத்துவிட்டு, கெட்டுப்போன பழைய மோட்டார் ஒன்றைக் கையில் கொடுங்கள். ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டாம். அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்னியல் பயிற்சி இருக்கிறது. படித்துத் தேறினால் வயர்மேன் உரிமத்துக்குப் போகலாம். எங்கள் தங்கை அந்த விண்ணப்பத் தாளைத்தான் இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறார். தாம் கை வைக்கக் கூடாது என்று வயர்மேன் அண்ணன் போட்ட அந்தக் கோட்டை முறைப்படி படித்துத் தாண்ட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஷாக் அடித்த நாளிலிருந்து அம்மா அந்த மிஷின் பக்கமே போகவில்லை. வயர்மேன் அண்ணன் போன பிறகு தங்கை அதைக் கூடத்தில் ஓட்டிக் காட்டினார். அம்மா சற்று நேரம் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, முதலில் ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, கைப்பிடியை வாங்கிக்கொண்டார். அந்த வயதிலும் கை பழக்கத்தை மறக்கவில்லை. மூலையிலிருந்து மூலைக்கு வளைத்து வளைத்துத் தள்ளினார். பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு, "அங்கே தள்ளினப்போ இவ்வளவு பாரமா தெரியலையே" என்றார். தங்கை சிரித்துக்கொண்டே, "அப்போ உனக்கு வயசு இருபதும்மா" என்றார். அம்மாவும் சிரித்துவிட்டார்.

நேயர்களே, பழைய பொருளைக் காப்பாற்றுவது நல்லதுதான். அதைத் தொடுகிற கையை அதற்கு முன்பே காப்பாற்றிக்கொள்ளுங்கள். இன்றே உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து, மின்கசிவுத் தடுப்பானில் 'டி' என்ற எழுத்துள்ள சோதனைப் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அது உடனே விழ வேண்டும். விழாவிட்டால் நாளைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள். மிஷின் வேலையெல்லாம் அதற்குப் பிறகு.